உன் பெயரில் வாங்கிய பரிசுகள்

நவம்பர் 5

தம்பிக்கு,

நான் போனை எடுக்காததற்குச் சிக்னல் காரணமில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீ இரண்டு ஜோக் அடிப்பாய், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை பாதியில் நின்றுவிடும். இந்தச் சண்டை பாதியில் நிற்கக்கூடாது. அதனால் காகிதம் வாங்கி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். அம்மா சோபாவில் உட்கார்ந்துகொண்டு, முட்டியில் மாட்டியிருக்கும் பட்டையை எல்லோருக்கும் தொட்டுக் காட்டினாள். "சின்னவன் போன வருஷம் அனுப்பினான். எங்கேயோ மலைக்குள்ள குடைஞ்சிக்கிட்டு இருக்கான், ஆனா என் முட்டி வலிக்குதுன்னு அவனுக்குத் தெரியுது. கூடவே இருக்கா பெரியவ. வருஷா வருஷம் சோப்பு டப்பா!"

சித்தி சிரித்தாள். பெரியப்பாவும் சிரித்தார். நான் டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தப் பட்டைக்காக நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். அம்மா மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏற ஆரம்பித்தபோது அதைப் பார்த்தது நான். என் முட்டியில் மாட்டிப் பார்த்து, உள்ளே தையல் உறுத்துகிறது என்று இரண்டைத் திருப்பிக் கொடுத்தது நான். வாங்கி, பழுப்புத்தாள் சுற்றி, உன்னைப் போலவே இடப்பக்கம் சாய்த்து உன் பெயரை எழுதியதும் நான். பணம் அனுப்பியதைத் தவிர நீ செய்தது என்ன? அம்மா போனில் நன்றி சொன்னபோது "பரவாயில்லம்மா" என்றாய்.

இது பழைய கதை, இதற்குக் கோபம் வந்திருந்தால் எப்போதோ வந்திருக்க வேண்டும் என்பாய். சரி. புதுக் கதையைக் கேள். தம்ளர்களைக் கழுவிவிட்டு நான் திரும்பி வந்தபோது அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்த வருஷக் கடைசி லீவு முடிஞ்சதும் நான் சின்னவன்கூடப் போய் இருந்துக்கறேன். என் மனசு தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அவன்கிட்ட இப்ப யாரும் சொல்லாதீங்க, நானே சொல்லிக்கறேன்."

புரிகிறதா? நான் பார்த்துப் பார்த்து வாங்கியதையெல்லாம் காரணம் காட்டி, என்னை விட்டுவிட்டு உன்னிடம் வருகிறாள்.

பேருந்துப் பணிமனையில் தொலைந்த பொருள் கவுண்டரில், முதுகு சாய இடமில்லாத அந்த உயர ஸ்டூலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, வீங்கிய காலோடு கடை கடையாகப் போனது போதும். இந்த வருடம் உன் பெயரில் ஒரு குண்டூசிகூட வாங்கமாட்டேன்.

அக்கா


நவம்பர் 14

கோபக்கார அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சாமான் வண்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். உன் வருடாந்தரப் பரிசுப் பட்டியலைத் தவிர, எனக்குக் கடிதம் வருவது இதுவே முதல் தடவை. அறையில் இருக்கும் மற்ற இரண்டு பேரும் ஏதோ காதல் விவகாரம் என்று கூடிவிட்டார்கள். முதல் வரியைப் படித்துவிட்டு அவர்களே ஒதுங்கிப் போய்விட்டார்கள்.

அக்கா, அம்மா இங்கே எப்படி இருப்பாள்? தகரக் கொட்டகை. ஒரு அறைக்கு மூன்று பேர். குளியலறைக்கு நாற்பத்திரண்டு படி இறங்கிப் போக வேண்டும், எண்ணிப் பார்த்தேன். சுரங்கப்பாதைக்குள் வெடி வைத்தால் இங்கே கட்டில் ஆடும். ஒரு சர்வேயருக்கு இதற்கு மேல் கொடுக்கமாட்டார்கள். நீதான் ஏதாவது செய்து தடுக்க வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. இந்த வருடமும் என் பெயரில் நீயே வாங்கு, ஆனால் வேண்டுமென்றே மோசமாக வாங்கு. பெரியப்பாவுக்கு ஒரு ஊதல், சித்திக்கு ஒரு சுத்தியல், அம்மாவுக்கு ஒரு கால்பந்து. "இவனுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று அம்மா தானாகவே மனம் மாறிவிடுவாள். செலவை வழக்கம்போல நான் அனுப்பிவிடுகிறேன். எப்படி?

கோபத்தை விடு. உனக்குத்தான் இதெல்லாம் வருகிறது. எனக்கு மனிதர்களைப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. பாறையைப் பார்த்தால் தெரிகிறது.

அன்புத் தம்பி


நவம்பர் 22

தம்பிக்கு,

யோசனையா அது? எவ்வளவு திமிர் இருந்தால் இப்படி எழுதுவாய்! நல்லது வாங்கினால் பெயர் உனக்கு. கெட்டது வாங்கினாலும் அலைச்சல் எனக்கு. கால்பந்தைத் தேடி எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கலாமே.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. நீ வேலைக்குப் போன முதல் வருடம், வருடக் கடைசி விடுமுறைக்கு வரவில்லை, எதுவும் அனுப்பவும் இல்லை. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பொட்டலம் பிரிக்கிறார்கள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், தபால்காரர் வரும் நேரமெல்லாம் முடிந்த பிறகும். உள்ளே போய், அவளுக்காக நான் வாங்கியிருந்த வெந்நீர்ப் பையின் மேலிருந்த என் பெயரைக் கிழித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். "காலையிலேயே வந்துச்சும்மா, மறந்துட்டேன்" என்று கொண்டுவந்து கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பிறகு என் பெயரில் கொடுக்க வீட்டில் எதுவும் இல்லை. பிரிக்காத சோப்பு டப்பா ஒன்று இருந்தது.

அன்றிலிருந்து உன் பெயரில் யோசித்து யோசித்து, என் முறை வரும்போது எனக்கு யோசனை தீர்ந்துபோகிறது. சோப்பு டப்பா அப்படித்தான் வந்தது.

"உனக்குத்தான் வருகிறது" என்கிறாயே, எனக்கும் தானாக வரவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பேருந்தில் விட்டுப்போன விலையுயர்ந்த பேனாவைத் தேடி ஒருவரும் வருவதில்லை. அது யாரோ கடமைக்குக் கொடுத்த பேனா. கைப்பிடி உடைந்த ஒரு குடைக்காக ஒரு அம்மாள் மூன்று நாள் வந்தார்கள். கேட்டேன். "அந்த உடைஞ்ச இடத்துலதான் என் கட்டை விரல் சரியா உக்காரும்" என்றார்கள். ஒருவருக்கு எதைக் கொடுத்தால், தொலைந்தபின் தேடிக்கொண்டு வருவார் என்று யோசித்தே நான் வாங்குகிறேன். இதற்கு ஆளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாறையைப் பார்க்கிற கண்தானே உனக்கும் இருக்கிறது.

பன்னிரண்டு வருடமாக ஒரு விடுமுறைக்கும் நீ வீட்டில் இல்லை. பிள்ளை குட்டி உள்ளவர்களுக்கு லீவை விட்டுக்கொடுக்கிறாயாம். ஊருக்கெல்லாம் நல்லவன்!

அம்மா பெட்டி எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா


டிசம்பர் 2

அக்கா,

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை.

அந்த வெந்நீர்ப் பைக்கு அடுத்த வருடத்திலிருந்து வருடம் தவறாமல் நீ எனக்கு ஒரு பட்டியல் அனுப்புவாயே, யாருக்கு என்ன வாங்கினாய், யாராவது நன்றி சொன்னால் நான் என்ன உளற வேண்டும் என்று. பதினொன்றையும் அளவைக் கருவிப் பெட்டியின் மூடிக்குள் செருகி வைத்திருந்தேன். போனுக்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பேன், அதோடு சரி. நேற்று எல்லாவற்றையும் கட்டில்மேல் வரிசையாக வைத்துப் படித்தேன்.

மூன்றாம் வருடம்: "பெரியப்பா – விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. எதைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார், விலைச்சீட்டைச் சுரண்டிவிட்டேன். நன்றி சொன்னால், படிக்க வசதியாக இருக்கிறதா என்று கேள்."

ஐந்தாம் வருடம்: "அம்மா – முள் சத்தம் போடாத கடிகாரம். பழையதைத் தினமும் துண்டால் சுற்றி வைத்துவிட்டுத் தூங்குகிறாள்."

ஏழாம் வருடம்: "சித்தி – டார்ச், இரண்டு. எதைக் கொடுத்தாலும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவாள். ஒன்று கொடுக்க, ஒன்று வைத்துக்கொள்ள."

இப்படியே பக்கம் பக்கமாக. ஒவ்வொரு பட்டியலிலும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. இதுவரை அதை நான் படித்ததே இல்லை, ஏனென்றால் அதற்கு யாரும் போனில் நன்றி சொல்ல வேண்டியதில்லை. "நான் – கைக்குட்டை, ஆறு." பதினொரு வருடமும் அதே வரி. என் பெயரில் உனக்கு நீயே வாங்கி, நீயே சுற்றி, எல்லோர் முன்னாலும் நீயே பிரித்து, "அட, சின்னவன் கைக்குட்டை அனுப்பியிருக்கான்" என்று சொல்லியிருக்கிறாய். எனக்காக முகத்தில் ஆச்சரியத்தை வேறு வரவழைத்திருப்பாய்.

எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன்மேலும்தான் வருகிறது, எழுதிவிடுகிறேன். எல்லோருக்கும் பார்த்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவளுக்கு, தனக்கு மட்டும் ஏன் கைக்குட்டை?

இந்த வருடம் நானே வாங்குகிறேன். நாலு பேருக்கும். பார்சல் பணிமனைக்கு வரும். பிரிக்காமல் மேசையில் வை.

தம்பி


டிசம்பர் 11

தம்பிக்கு,

நல்லது. வாங்கு. அது எவ்வளவு பெரிய பாடு என்று இனித் தெரியும். கைக்குட்டையைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

இரண்டு விஷயம்.

முதலாவது, எங்கள் பணிமனைக் காவலாளிக்கு என்னவோ ஆகிவிட்டது. திங்கட்கிழமை நான் ஒருவரிடம் தொலைந்த செருப்பின் அடையாளம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இவர் அளவு நாடாவோடு கவுண்டருக்கு அடியில் புகுந்துவிட்டார். "என்னண்ணே?" என்றால், "எலிம்மா, எலி" என்கிறார். எலியை எதற்கு அளக்க வேண்டும்? உனக்கு ஏதாவது தெரியுமா? நீ அவரிடம் போனில் சீட்டாட்டக் கதை பேசுகிறவன்தானே.

இரண்டாவது விஷயம் முக்கியம். அம்மாவிடம் உண்மையைச் சொல்லித் தொலைக்காதே. உன் கடிதத்தின் தொனி எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தத் தெரு முழுக்கப் பன்னிரண்டு வருடமாக உன் பரிசைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறாள், அவளைத் தலைகுனிய வைக்காதே. அதைவிட, உண்மை தெரிந்த பிறகு அவள் என்னோடு தங்கினால் அது முட்டிப் பட்டைக்கும் கடிகாரத்துக்கும் காட்டுகிற நன்றி. எனக்கு அது வேண்டாம். என்னோடு இருக்க வேண்டும் என்று தோன்றி இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் போகட்டும்.

போகட்டும் என்று எழுதிவிட்டேன். வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போகிறேன். கூடத்தின் நடுவிலேயே வைத்திருக்கிறாள். தையல் பெட்டியை முதல் ஆளாக அடியில் வைத்து, அதன்மேல் துணியெல்லாம் அடுக்கியாகிவிட்டது. மூடி மட்டும்தான் பாக்கி.

அக்கா


டிசம்பர் 18

அக்கா,

பார்சல் கிளம்பிவிட்டது. கனமாக இருக்கும், காவலாளி அண்ணனைத் தூக்கச் சொல். எலியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

நான்கு பரிசு வாங்க மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. ஒரு கடையில் ஒரு மணி நேரம் நின்றேன், கடைக்காரர் "யாருக்கு சார்?" என்றார். "எங்கம்மாவுக்கு." "அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றார். பட்டியலில் படித்ததைச் சொன்னேன்.

நீ கேட்டபடியே, அம்மாவிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். சத்தியம்.

தம்பி


ஜனவரி 5

டேய்,

சத்தியமா? உன் சத்தியத்தைக் கொண்டுபோய் உன் சுரங்கத்தில் புதை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீ ஒழுங்காகப் படி. வருடக் கடைசி நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் சித்தி. நீ அனுப்பிய கோப்பை, அதில் பெரிய எழுத்தில் "சித்தி" என்று அச்சடித்தது. தூக்கிக் கொடுக்க முடியாதபடி செய்துவிட்டோம் என்று உனக்கு நினைப்பு. அவள் அதைப் பார்த்த உடனேயே, "எதிர்வீட்டுப் பொண்ணும் ஒரு சித்திதானே, அவளுக்கு நல்லா இருக்கும்" என்றாள். மறுநாளே கோப்பை எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

பெரியப்பாவுக்கு நீ அனுப்பிய கல். மலையின் வயிற்றிலிருந்து உருளையாக அறுத்தெடுத்த பாறைத் துண்டு. கவிழ்த்தார். எழுத்து இல்லை. மறுபடி கவிழ்த்தார். அதற்கு அடியும் இல்லை, தலையும் இல்லை. அன்று முழுக்க மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார், சாப்பிடும்போதும் கீழே வைக்கவில்லை. அது எனக்குத் தோன்றியிருக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு அம்மா. கைத்தடி! பிரித்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. "நான் என்ன கிழவியா?" என்றாள். முட்டி வலி என்று பட்டியலில் படித்தாய், கைத்தடி வாங்கினாய். நான் ஏன் பட்டை வாங்கினேன் என்று யோசித்தாயா? பட்டை துணிக்குள் மறைந்துவிடும். கைத்தடி தெருவுக்கே தெரியும். அவளுக்கு வலியைவிட அதுதான் பெரிய விஷயம். "சின்னவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? அவன் இப்படி வாங்கமாட்டானே" என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கடைசியில் என் பொட்டலம். காகிதத்தைக் கிழித்தால் ஒரு பலகை. நான்கு குட்டைக் கால், மூலையெல்லாம் உப்புத்தாள் போட்டு மழுங்கத் தேய்த்தது. என்னவென்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, உட்காரும்போது கால் வைக்கிற பலகை. ஸ்டூலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பதினான்கு வருடமாக அந்த ஸ்டூலில் உட்கார்கிறேன், என் கால் தரைக்கு எட்டாது என்று எனக்கே ஒரு குறையாகத் தோன்றியதில்லை. நான் அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், பெரியப்பா கையை நீட்டினார். "கொடு, பார்க்கலாம்."

கொடுத்தேன். கவிழ்த்தார்.

நீ அங்கேதானே எழுதியிருக்கிறாய், பாவி! அவர் கவிழ்ப்பார் என்று தெரிந்தே எழுதியிருக்கிறாய். நான் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்தே என்னைக் கவிழ்த்துவிட்டாய். எழுத்து சின்னதாக இருந்ததால் பூதக்கண்ணாடியை எடுத்து, விளக்கைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "பன்னிரண்டு வருடமாக என் பெயரில் வந்தவை எல்லாம் அக்கா தேடி வாங்கியவை. இது மட்டும்தான் நான் செய்தது."

அம்மா என்னையே பார்த்தாள்.

"முட்டிப் பட்டை?"

"நான்தாம்மா."

"கடிகாரம்?"

"நான்."

"அந்த வெந்நீர்ப் பை? முதல் வருஷம்?"

தலையை ஆட்டினேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தாயா? அவளுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கூடவே இருக்கியேடி! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இது நான் வாங்கினதும்மான்னு சொல்ல உனக்கு வாய் வரலையா? சோப்பு டப்பாவுக்கு உன்னை எத்தனை பேர் முன்னாடி பேசியிருக்கேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னியே, என்னை என்னன்னு நெனச்ச? உண்மையைச் சொன்னா நான் தாங்கமாட்டேன்னா?" எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெட்டி கூடத்தின் நடுவில் அப்படியேதான் இருந்தது.

இரண்டாம் தேதி வேலைக்குப் போனேன். காவலாளி அண்ணன் பலகையை அடியில் போட்டுவிட்டு, தானே செய்ததுபோல நெஞ்சை நிமிர்த்தினார். உட்கார்ந்து பார்த்தால் விரல் படுகிறது, குதிகால் படவில்லை. ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. கவுண்டரில் நான் செருப்பைக் கழற்றிவிடுவேன், அவர் அளந்த அன்று போட்டிருந்திருக்கிறேன். மலையைக் குடைந்து இரண்டு பக்கத்தையும் இம்மி பிசகாமல் சேர்க்கிற சர்வேயர், அக்காவின் காலுக்கு ஒரு சென்டிமீட்டர் கோட்டை விட்டாய். வீட்டில் நான் சுவரைப் பார்த்து அதைச் சொல்லிப் புலம்பினேன். அம்மா கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தால் என் அலமாரி திறந்து கிடக்கிறது. கைக்குட்டைப் பொட்டலம் பதினொன்றும் கட்டில்மேல் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. "இதெல்லாம் யார் கொடுத்தது?" என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. "சின்னவன் கொடுத்தது" என்றேன், பழக்க தோஷம். "யார் வாங்கினது?" என்றாள். நான் பொட்டலங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

நேற்று மத்தியானம் கவுண்டருக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். குடை ஒன்று, டிபன் கேரியர் ஒன்று, எக்ஸ்ரே கவர் ஒன்று. நாலாவது ஆள் அம்மா. இரண்டு பேருந்து மாறி, தனியாக, கைத்தடி இல்லாமல் வந்திருந்தாள். வரிசையை மதிக்காமல் பக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு மெத்தையை எடுத்தாள். அறுபத்தாறு கைக்குட்டையையும் மடித்து அடுக்கிச் சுற்றித் தைத்த மெத்தை. பலகையின் நீளம், பலகையின் அகலம். தையல் பெட்டி எங்கே இருந்தது என்று உனக்கு எழுதியிருக்கிறேன். பெட்டியில் அடுக்கியதையெல்லாம் வெளியே எடுத்தால்தான் அது கைக்கு வரும். எடுத்த துணியெல்லாம் பழையபடி அலமாரியில் இருக்கிறது, பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

குனிந்து தானே போடப் போனாள். "முட்டி வலிக்கும்மா, குடுங்க" என்றேன். "காலை எடு" என்றாள். எடுத்தேன். போட்டுவிட்டு, என் இரண்டு காலையும் பிடித்து அதன்மேல் வைத்தாள். குதிகால் பட்டது.

பேருந்துக்கு அவளை ஏற்றிவிடக் காவலாளி அண்ணன் கூடப் போனார். கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தாள். குடைக்காக நிற்கிறவர், எக்ஸ்ரேவுக்காக நிற்கிறவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "யாராவது கேட்டா எங்கம்மா தச்சதுன்னு சொல்லு. வேற எவன் பேரையாவது சொன்னியோ, பாத்துக்கோ!"

அக்கா